ஏட்டில் ஏறாத முறிவு: சப்பிரகமுவத் தோட்டங்களில் கால்விரல் நோவும் மருத்துவப் பதிவும்

பெருந்தோட்ட மக்களின் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதலில் நாடுவன ஏடுகளையே. வருகைப் பதிவேடு, கடன் துண்டு, பிறப்பு இறப்புப் பதிவு, மருந்துச் சாலைப் புத்தகம், குடியுரிமை விண்ணப்பம் ஆகியனவே அம்மக்களைப் பற்றி நமக்கு எஞ்சியுள்ள எழுத்துச் சான்றுகள். இவ்வேடுகளை அம்மக்கள் தாமே எழுதவில்லை. அவர்களைக் கொண்டு வேலை வாங்கியவர்களும் ஆண்டவர்களும் எழுதினார்கள். எனவே ஓர் ஏடு எதைச் சொல்கிறது என்பதோடு, அது எதைச் சொல்ல இயலாதவாறு அமைக்கப்பட்டது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

இக்கட்டுரையில் நாம் மிகச் சிறியதொரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். கால்விரலென்பில் தொடர்ந்த உழைப்பினால் ஏற்படும் முறிவு, அதாவது தகைப்பு முறிவு, மருத்துவ ஏடுகளில் எவ்வாறு பெயர் பெற்றது என்பதும், இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் அதற்கு ஏன் பெயரில்லாது போயிற்று என்பதுமே நாம் ஆராய்வது. பொருள் சிறிதாயினும் அதனூடாக வெளிப்படும் உறவுகள் சிறியன அல்ல.

1. நோயின் இயல்பு

ஒரு பாதத்தில் பதினான்கு விரலென்புகள் உள்ளன. பெருவிரலுக்கு இரண்டு; ஏனைய நான்கு விரல்களுக்கும் தலைக்கு மூன்று. பெருவிரலின் அடியில் எள்ளுப்போன்ற இரு சிற்றென்புகளும் உண்டு. உயிருள்ள என்பு கல்லைப்போல் மாறாதிருப்பதன்று. சுமை ஏறும்போது அதன் நுண்பகுதிகள் சிதைகின்றன. ஓய்வின்போது புதிய என்பு ஆக்கப்படுகின்றது. சிதைவு ஆக்கத்தை விஞ்சும்போது நுண்வெடிப்புகள் சேர்ந்து முறிவாகின்றன. இதுவே தகைப்பு முறிவு. ஓங்கி விழுந்த கல்லோ, இடறிய வேரோ இதற்குக் காரணமன்று. அதே அடி, அதே சரிவு, அதே சுமை, நாள்தோறும் ஆயிரக்கணக்கான தடவை மீண்டும் மீண்டும் வருவதே காரணம். போதிய உணவின்மையும் ஓய்வின்மையும் என்பின் வலுக்குறைவும் இதனை விரைவுபடுத்துவன.

இந்நோவை மருத்துவ உலகு முதலிற் கண்டது படைவீரரிடத்திலேயே. பிரஷ்ய இராணுவ மருத்துவரான பிறைட்ஹவுப்ட் என்பவர் 1855ஆம் ஆண்டில், நெடுநடை நடந்த வீரரின் பாதங்களில் தோன்றிய வீக்கத்தையும் வலியையும் விவரித்தார். அது என்பு முறிவு என்பது அப்பொழுது புலப்படவில்லை. 1895இல் றொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். 1897இல் ஸ்டெச்சோ என்னும் மற்றொரு செருமானிய மருத்துவர், அவ்வீக்கத்தின் உள்ளே முறிவு இருப்பதைக் கதிர்ப்படத்திற் காட்டினார். அன்று தொட்டு இது ‘அணிநடை முறிவு’ என்று வழங்கிற்று. பாதத்தின் நடுவிலுள்ள நீண்ட என்புகளிலேயே இம்முறிவு பெரும்பாலும் ஏற்படுகின்றது. விரலென்புகளில் அதனினும் அரிது. பின்னர் ஓட்டக்காரர், நடனமாடுவோர் ஆகியோரிடத்தும் இது விரிவாக ஆராயப்பட்டது.

ஈண்டு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். படைவீரனின் பாதம் அரசுக்கு வேண்டியது. ஓட்டக்காரரின் பாதம் விளையாட்டுக் கழகங்களுக்கு வேண்டியது. ஆகவே அவை ஆராயப்பட்டன. சரிவான மலையில் வெறுங்காலோடு சுமை சுமந்தவரின் பாதமும் தேவைப்பட்டதுதான்; ஆனால் அது கெட்டால் அதற்குப் பதிலாக வேறொரு பாதத்தைக் கொண்டுவர இயலுமென்று கருதப்பட்டது.

2. சப்பிரகமுவவில் உழைப்பும் பாதமும்

சப்பிரகமுவ மாகாணம் 1889இல் அமைக்கப்பட்டது. இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்ட இம்மாகாணத்தின் நிலவமைப்பு, பலாங்கொடைப் பக்கத்து உயர்ந்த தேயிலை மலைகள் தொடக்கம் களனிப் பள்ளத்தாக்கின் தாழ்ந்த இறப்பர்ச் சரிவுகள் வரை வேறுபடுவது. கோப்பிப் பயிர் வீழ்ச்சியுற்றபின் தேயிலையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பரும் இங்கு பரவின. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை 1902இல் அவிசாவளையையும், 1903இல் எட்டியாந்தோட்டையையும், 1912இல் இரத்தினபுரியையும் அடைந்தது. விளைபொருளைக் கொண்டுசெல்லத் தண்டவாளம் வந்தது; மலையிலிருந்து தொழிற்சாலைவரை அதனைக் கொண்டுவந்தவை மனிதக் கால்களே.

கொழுந்து பறிப்பவர் சரிவில் நிற்கும்போது உடலின் பாரம் குதியிலன்றி முன்பாதத்திலும் விரல்களிலும் ஊன்றுகின்றது. மழையில் வழுக்கும் மண்ணை விரல்களே பற்றிக்கொள்கின்றன. முதுகிலே கூடை நிறைய நிறைய அப்பாரம் கூடுகின்றது. நிறுவைக் களத்துக்கு அதனைச் சுமந்து சென்று மீளவும் ஏறுதல் வேண்டும். இறப்பர்த் தோட்டத்திலோ, வெயில் ஏறுமுன் பால் நன்கு வடியுமாதலால், பால்வெட்டுவோர் விடிவதற்கு முன்பே புறப்படுகின்றனர். ஒருவரின் பங்கு ஏறத்தாழ முந்நூறு மரங்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து வெட்டி, பின்னர் அதே வழியிற் சென்று பாலைச் சேகரித்து, நிறைந்த வாளிகளோடு இறங்குதல் வேண்டும். இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. அம்மண்ணில் பாதங்கள் நெடுங்காலம் காலணியின்றியே உழைத்தன.

இறப்பர்த் தோட்டங்களில், தமிழ்த் தொழிலாளரோடு அயற்கிராமங்களின் சிங்களத் தொழிலாளரும் வேலை செய்தனர் என்பதையும் இங்கே குறிப்பிடுதல் தகும். சரிவுக்கும் சுமைக்கும் இன பேதமில்லை.

3. பேரும் அரைப்பேரும்

தோட்டத்தின் அன்றாட வாழ்வில் தலையாய ஏடு வருகைப் பதிவேடாகிய செக்ரோல். விடியற்காலையிற் பிரட்டுக் களத்தில் ஆட்கள் கணக்கெடுக்கப்பட்டனர். ஒரு நாள் வேலை முடித்தால் அது ஒரு ‘பேர்’, குறைந்தால் ‘அரைப்பேர்’. மனிதரின் பெயரைக் குறிக்கும் சொல்லே ஒரு நாள் உழைப்பின் அளவுச் சொல்லாகவும் வழங்கியது. தோட்டத் தமிழில் உழைப்பு உறவின் முழுமையும் இவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளது எனலாம். களத்தில் இறங்கிய ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கங்காணிக்குக் காசு கிடைத்தமையால், நோவுடையோரையும் மலைக்கு அனுப்புவதில் அவருக்கும் ஆதாயம் இருந்தது.

விரலில் நோவுற்ற ஒரு பெண்ணை எண்ணிப் பார்ப்போம். முதல் வாரம் வலி வேலை முடிந்தபின் தோன்றும். இரண்டாம் வாரம் வேலையின்போதே தோன்றும். மூன்றாம் வாரம் கால் ஊன்ற இயலாது. இவற்றுள் எதுவும் செக்ரோலில் நோயாகப் பதியப்படுவதில்லை. முதலில் கொழுந்தின் நிறை குறைகின்றது; பின்னர் அரைப்பேராகின்றது; அதன்பின் அப்பெண்ணின் கட்டம் வெறுமையாகின்றது. ஏட்டைப் படிக்கும் துரைக்கு அது வரவின்மை. பிற்காலத்தில் அதையே படிக்கும் ஆய்வாளர் கவனமாயிராவிடின் அவருக்கும் அது வரவின்மையே. ‘தொழிலாளர் ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை’ என்னும் தோட்டத்துரைமாரின் முறைப்பாட்டினுள்ளே எத்தனை முறிந்த என்புகள் மறைந்துள்ளன என்பது எண்ணத்தக்கது.

4. குடியேற்ற ஆட்சி எதை எண்ணியது?

தோட்டங்களில் மருத்துவப் பதிவே இருக்கவில்லை என்று கூறுதல் தவறாகும். கோப்பிக் காலத்தில் தொழிலாளர் பெருந்தொகையாக மடிந்தமை கண்டிக்கப்பட்டதன் பயனாக, 1872இல் தோட்ட மருத்துவத் தேவைகளுக்கான கட்டளைச்சட்டம் நிறைவேற்றப்பட்டது. 1880இல் அது மாற்றியமைக்கப்பட்டது. 1912இல் மருத்துவத் தேவைகள் பற்றியும் தொழிலாளரின் நோய்கள் பற்றியும் இரு கட்டளைச்சட்டங்கள் வந்தன. மாவட்ட வைத்திய அதிகாரி, தோட்ட மருந்துச் சாலை, ‘டிஸ்பென்சர் ஐயா’ ஆகிய அமைப்பு இவ்வாறு உருவாயிற்று.

ஆனால் அவ்வமைப்பு தேடியவை எவை? வாந்திபேதி, அம்மை, வயிற்றுளைவு, பறங்கிப்புண், கொளுக்கிப்புழு ஆகியனவே. இவை பரவுவன, அல்லது கொல்வன, அல்லது பெருந்தொகையானோரின் வலுவைக் குறைப்பன. 1916இல் இலங்கையில் தொடங்கிய றொக்பெல்லர் நிறுவனத்தின் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அப்புழுவின் குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்தே உடலுட் புகுகின்றது. எனவே தோட்டத் தொழிலாளரின் பாதம் மருத்துவ அறிக்கைகளில் இடம் பெற்றது. ஆனால் எவ்வாறு? நோய் நுழையும் வாயிலாக. சுமை தாங்கித் தேயும் உறுப்பாக அன்று. ஒரே பாதத்தை ஒரு கோணத்தில் நுணுகி நோக்கிய மருத்துவம், மறு கோணத்தில் அதனைக் காணவேயில்லை. கொளுக்கிப்புழு ஒழிப்பினால் தொழிலாளர் நன்மை பெற்றனர் என்பதில் ஐயமில்லை. குருதிச் சோகை குறைந்தால் உழைப்பு கூடும் என்னும் கணக்கும் அதனோடு இணைந்திருந்தது என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது.

எண்ணப்பட்ட துன்பம் அரசியலாகவும் மாறும் என்பதற்குக் கேகாலை மாவட்டமே சான்று. 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாப் பெருநோய் அம்மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கிற்று. சாவுகள் எண்ணப்பட்டன, வெளியிடப்பட்டன. சூரியமல் இயக்கத்தார் அங்கு மருந்தோடும் உணவோடும் சென்றனர். அவர்களுள் ஒருவரான என். எம். பெரேரா 1936இல் ருவன்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். சாவு எண்ணுக்கு அடங்கியது. ஆகவே கேள்விக்கும் உட்பட்டது. மெல்லத் தேயும் உடலுக்கு அத்தகைய எண் இல்லை. ஆகவே அதன் பெயரால் எழுந்த இயக்கமும் இல்லை.

5. சட்டமும் நாழிகையும்

1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இலங்கைத் தொழிலாளர் பெற்ற முக்கியமான உரிமைகளுள் ஒன்று. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் ஏற்படும் விபத்தினால் காயமுற்றவருக்கு நட்டஈடு உண்டு என்பது அதன் அடிப்படை. ‘விபத்து’ என்னும் சொல்லையே நாம் ஆராய்தல் வேண்டும். விபத்துக்கு ஒரு நாள் உண்டு, ஒரு நாழிகை உண்டு, கண்டவர் உண்டு. கவ்வாத்துக் கத்தி விரலை வெட்டினால் அது விபத்து. பாறை உருண்டு விரலை நசுக்கினால் அதுவும் விபத்து. ஆனால் மூன்று மாதச் சரிவுநடை விரலென்பை வெடிக்கச் செய்தால் அது எந்த நாளில் நிகழ்ந்தது? எந்த மலையில்? கண்டவர் யார்? படிவத்தில் இக்கேள்விகளுக்குரிய இடங்கள் வெறுமையாகவே நிற்கும். வெறும் படிவத்துக்கு நட்டஈடு கிடையாது.

குறித்த சில தொழில்களுக்குரிய நோய்களையும் இத்தகைய சட்டங்கள் அட்டவணைப்படுத்தின. ஈய நஞ்சேற்றம் போன்றவை அவற்றுள் அடங்கும். அவை ஆலைத் தொழிலின் நோய்கள். விபத்தாகவும் அமையாது அட்டவணை நோயாகவும் அமையாது இரண்டுக்கும் இடையே விழுந்தது தகைப்பு முறிவு.

6. வகைப்பாட்டின் வரலாறு

இனி, நோய்களுக்குப் பெயரும் எண்ணும் இடும் உலக முறையை நோக்குவோம். பாரிசு நகரத்துப் புள்ளிவிபரவியலாளர் ஜாக் பெர்ட்டில்லன் தயாரித்த மரணக் காரணப் பட்டியல் 1893இல் சிக்காகோவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அது இறந்தோருக்கான பட்டியல். கால்விரல் முறிந்து எவரும் இறப்பதில்லையாதலால் அதில் இத்தகைய நோவுக்கு இடமிருக்க வேண்டிய தேவையும் இல்லை. 1948இல் உலக சுகாதார நிறுவனம் பொறுப்பேற்ற ஆறாம் திருத்தத்தில்தான் உயிரோடிருப்போரின் நோய்களும் முறையாக இடம்பெற்றன. அவ்வாண்டிலேயே இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது என்பது வரலாற்றின் முரண்.

1990இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட பத்தாம் திருத்தத்தில் தகைப்பு முறிவுக்கு ‘எம் 84.3’ என்னும் குறியீடு உண்டு. இது காயங்கள் பற்றிய அத்தியாயத்தில் இல்லை. தசை, என்பு நோய்களின் அத்தியாயத்தில் உள்ளது. அடிபட்டு முறிந்த பெருவிரலுக்கு ‘எஸ் 92.4’, ஏனைய விரல்களுக்கு ‘எஸ் 92.5’. ஆக, ஒரே விரலின் ஒரே என்பு, அது முறிந்த வரலாற்றைப் பொறுத்து இருவேறு அத்தியாயங்களில் இடம்பெறுகின்றது. மருத்துவர் ‘விரல் முறிவு’ என்று மட்டும் எழுதினால், குறியிடுபவர் அதனைக் காயமென்றே கொள்வார். மாதக்கணக்கான உழைப்பு அவ்வளவில் மறைந்து, இல்லாத ஒரு விபத்து ஏட்டில் ஏறிவிடும்.

உலகப் பொதுமுறையில் உறுப்பைக் குறிக்க ‘7’ என்னும் துணை இலக்கம் சேர்க்கலாம். ஆனால் அது கணுக்காலையும் பாதத்தையும் விரல்களையும் ஒன்றாகவே குறிப்பது. அமெரிக்கா தன் தேவைக்காக விரித்தமைத்து, 2015 ஒக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த முறையிலோ வலக்கால் விரலுக்கு ‘எம் 84.377’, இடக்கால் விரலுக்கு ‘எம் 84.378’, பக்கம் குறியாதவிடத்து ‘எம் 84.379’ எனத் தனித்தனிக் குறியீடுகள் உள்ளன. அவற்றின் இறுதியில் ஓர் எழுத்தும் சேர்தல் வேண்டும்: ‘ஏ’ தொடக்கச் சிகிச்சையையும், ‘டி’ ஒழுங்கான ஆறுதலையும், ‘ஜி’ தாமதித்த ஆறுதலையும், ‘கே’ ஒட்டாமையையும், ‘பி’ பிழையாக ஒட்டுதலையும், ‘எஸ்’ பின்விளைவையும் குறிக்கும். இத்துணை நுணுக்கம் ஏன்? அங்கு காப்புறுதி நிறுவனம் ஒவ்வொரு குறியீட்டின்மேலும் பணம் கொடுக்கின்றது, அல்லது மறுக்கின்றது. பணம் செல்லும் வழியில் எழுத்து நுணுகுகின்றது. குடியேற்ற ஆட்சியில் சாவும் தொற்றும் செலவாயின, அவை பதியப்பட்டன. வகைப்பாடு அறிவியலே, ஆயினும் எவ்விடத்தில் அது நுணுகும், எவ்விடத்தில் பருமையாக நிற்கும் என்பதைச் சமூக உறவுகள் தீர்மானிக்கின்றன.

இன்னுமோர் எடுத்துக்காட்டு. பத்தாம் திருத்தத்தில் ‘எக்ஸ் 50’ என்பது மிகையுழைப்பையும் மீள்மீள் அசைவையும் குறிக்கும் புறக்காரணக் குறியீடு. அதன் கீழே தரப்பட்ட எடுத்துக்காட்டுகள் பாரந் தூக்குதல், மரதன் ஓட்டம், படகு வலித்தல் என்பன. கொழுந்துக் கூடையும் பால்வாளியும் அங்கில்லை. ஆயினும் வழி அடைக்கப்படவில்லை. புறக்காரணத்தோடு இடத்தைக் குறிக்கும் இலக்கங்களுள் ‘7’ பயிர்நிலத்தையும், செயலைக் குறிக்கும் இலக்கங்களுள் ‘2’ வருமானத்துக்கான வேலையையும் சுட்டுவன. எனவே ‘பயிர்நிலத்தில், கூலிவேலையில், மீள்மீள் உழைப்பால் பாதத்தில் தகைப்பு முறிவு’ என்னும் முழு வாக்கியத்தையும் குறியீடுகளில் எழுத இயலும். எழுதுவதற்கு முன், நோயாளியைக் கேட்டிருத்தல் வேண்டும், அவ்வளவே.

7. இன்றைய நிலை

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட மருத்துவமனைகளை அரசு பொறுப்பேற்கும் முயற்சி தொண்ணூறுகளில் தொடங்கியபோதும் எல்லாத் தோட்டங்களிலும் ஒரே சீராக நிகழவில்லை. அரச மருத்துவமனைகளின் நோய்ப் புள்ளிவிபரங்கள் சர்வதேச வகைப்பாட்டின்படி தொகுக்கப்படுகின்றன. ஆனால் அவை விடுதியில் தங்கிச் சிகிச்சை பெற்றோரைப் பற்றியன. விரல் நோவுடையவர் விடுதியில் தங்குவதில்லை. வெளிநோயாளர் வரிசையில் நின்று, வலிமாத்திரை பெற்று, மறுநாள் மலைக்குச் செல்கின்றார்.

மொழியும் ஒரு தடை. தொழிலாளி தமிழிற் சொல்வது ‘காலில் குத்து’, ‘விரலில் சுளுக்கு’. கேட்பவர் பல சமயங்களிற் சிங்களமே அறிந்தவர். எழுதப்படுவது ஆங்கிலம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் ‘எப்பொழுது தொடங்கியது, என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்னும் இரு கேள்விகள் தமிழிற் கேட்கப்படுகின்றனவா என்பதிலேயே அத்திருத்தத்தின் பயன் தங்கியுள்ளது.

இவற்றுக்கும் மேலாக, ஏடுகளே அழிந்தன. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் உடுத்த உடையோடு வெளியேறின. லயத்தில் எரிந்தவற்றுள் மருந்துத் துண்டும் ஒன்று, பிறப்புச் சான்றும் ஒன்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் தொடர்ந்த வதிவை எழுத்தில் நிறுவுமாறு இம்மக்களிடமே கேட்கப்பட்டது. நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்ட அளவில் தீர்வு கண்ட 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அரை நூற்றாண்டுக்கு மேல் அவர்கள் தாளைத் தேடி அலைந்தனர். யாருக்காக மிகக் குறைவாக எழுதப்பட்டதோ அவர்களிடமே எழுத்துச் சான்று மிகுதியாகக் கேட்கப்பட்டது.

8. செய்யத்தக்கன

மருத்துவப் பதிவு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதில் மறைபொருள் ஒன்றுமில்லை. எந்தக் கால், எந்த விரல், எந்த என்பு என்பது எழுதப்படல் வேண்டும். நோவு திடீரென வந்ததா, சிறிது சிறிதாக வளர்ந்ததா என்பது எழுதப்படல் வேண்டும். வேலையின் தன்மை, சுமை, சரிவு, காலணி, ஓய்வு நாட்கள் ஆகியன ஒரு வரியிலேனும் இடம்பெறல் வேண்டும். தொடக்கத்தில் எடுக்கும் கதிர்ப்படத்தில் இம்முறிவு பெரும்பாலும் தென்படாது. இரண்டு மூன்று வாரங்களின் பின்னரே புதிய என்பின் நிழல் தோன்றும். ஆகவே படம் எடுத்த திகதியும், மீண்டும் எடுக்க வேண்டிய திகதியும் குறிக்கப்படல் வேண்டும். முதற் படத்தில் ஒன்றுமில்லை என்பதைக் கொண்டு நோயாளியைச் சோம்பேறி என முடிவு செய்தல் மருத்துவமும் ஆகாது, நீதியும் ஆகாது. சரிவிலிருந்து விலக்கி இலகுவேலை தரவேண்டுமெனில் அதுவும் எழுத்திலேயே தரப்படல் வேண்டும். அவ்வெழுத்தின் ஒரு படி தொழிலாளியின் கையில் இருத்தல் வேண்டும்.

வரலாற்று மாணவர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. எஞ்சியுள்ள செக்ரோல்களையும் மருந்துச் சாலைப் புத்தகங்களையும் தனித்தனியே படியாது அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும். அரைப்பேர்கள் எந்த மாதத்தில், எந்த மலையில் மிகுகின்றன என்று நோக்குதல் வேண்டும். பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் தெஹியோவிற்றவிலும் தெரணியகலையிலும் ஓய்வுபெற்று வாழும் பால்வெட்டுநரையும் கொழுந்து பறித்த தாய்மாரையும் அவர்தம் சொல்லிலேயே கேட்டுப் பதிதல் வேண்டும். அவர்களது வளைந்த விரல்களும் ஆவணங்களே. அவற்றைப் படிக்கக் கூடியவர்கள் இன்னும் உயிரோடிருக்கும்போதே அப்பணி தொடங்கப்படல் வேண்டும்.

ஒரு குறியீடு எவருடைய நோவையும் ஆற்றுவதில்லை. ஆயினும் பெயரிடப்படாத நோவு எண்ணப்படுவதில்லை, எண்ணப்படாதது கேட்கப்படுவதில்லை, கேட்கப்படாதது கொடுக்கப்படுவதில்லை. நூற்றைம்பது ஆண்டுகளாக உழைப்பாளரைப் ‘பேர்’ என எண்ணிய ஏடுகளில், அவர்களது நோவுக்கும் அதன் சரியான பேரை எழுதுவித்தல் நம் காலத்துப் பணிகளுள் ஒன்று.